குறித்த வேகமும் குறித்த நேரமும்

மும்பையிலிருந்து புனே வழியாகச் சொந்த ஊருக்கு ரயிலேறும் நம்மவர் எவரும் போர்காட் மலையை மறந்திருக்க மாட்டார்கள். கர்ஜத் நிலையத்தில் வண்டி நிற்கும். பின்புறத்தில் துணை எஞ்சின்கள் பூட்டப்படும். அவை தள்ள, முன் எஞ்சின் இழுக்க, வண்டி லோனாவ்லாவை நோக்கி மெல்ல ஏறும். சுரங்கம் வருந்தோறும் குழந்தைகள் கூவுவார்கள். மழைக்காலமாயின் அருவிச் சாரல் சாளரத்தில் வந்து தெறிக்கும். 37 அடிக்கு ஓர் அடி உயரும் இந்த மலைப்பாதை 1863-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இரும்புப் பாதைக்கு இத்தகைய ஏற்றம் சாமானியமன்று.

அதே மலையில், ரயில் சாளரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் தொலைவில், மற்றொரு பாதை செல்கிறது. அதுவே 2002-ஆம் ஆண்டில் முழுமை பெற்ற மும்பை–புனே விரைவுச்சாலை. கலம்போலியில் தொடங்கித் தேஹு ரோடு அருகே முடியும் அதன் நீளம் ஏறக்குறைய 94 கிலோமீட்டர். போக மூன்று தடங்கள், வர மூன்று தடங்கள். அச்சாலையில் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் நாம் கண்டதையும், அதன் அடிவாரத்தில் கேட்டதையும், அதனால் நம் மனத்தில் உறுத்திய ஒரு விஷயத்தையும் வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தேஹு ரோடில் உறவினர் ஒருவரின் கிருகப்பிரவேசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நடந்தது. விருந்துண்டு, மாலையில் பஸ்ஸேறிப் பன்வேலுக்குத் திரும்பினோம். லோனாவ்லா வரையில் பாதை சமதளமே. பலகைகள் தெளிவாயிருந்தன: கார்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர், லாரிகளுக்கு 80. கண்டாலாவைத் தாண்டியதும் மலைச்சரிவு தொடங்குகிறது. அவ்விடத்துக்கு இன்றும் அமிர்தாஞ்சன் பாலம் என்றே பெயர். பாலத்தை 2020 ஏப்ரலில் இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அங்கே ஒரு காலத்தில் நின்ற தலைவலித் தைல விளம்பரமே அப்பெயருக்குக் காரணம். அத்தைலம் 1893-இல் மும்பையில் பிறந்து, பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. நாமோ எதிர்த்திசையில் குடிபெயர்ந்தவர்கள். மலைச்சரிவில் அந்தப் பெயரைக் கேட்கும்போது பழைய சிநேகிதரைப் பார்த்தாற்போல் இருந்தது.

அங்கிருந்து கோபோலி வரையில் பலகை வேறு கணக்குச் சொல்லிற்று: கார்களுக்கு 60, கனரக வண்டிகளுக்கு 40. அந்த ஆண்டிலேயே சாலைக்குக் குறுக்கே உயரமான இரும்பு வளைவுகளை நிறுத்தி, வேகத்தைப் பிடிக்கும் காமிராக்களை இயக்கத் தொடங்கியிருந்தார்கள். மேகம் பாதை மேல் இறங்கியிருந்தது. முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது.

பஸ்ஸில் ஒருவர், "லாரிகள் ஆமை போல ஊர்ந்து வழியை அடைக்கின்றன" என்று சலித்துக்கொண்டார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் ஒரு லாரி எங்களைக் கடந்து விரைந்து சென்றது. அதே மனிதர், "இவன் எமனுக்குத் தம்பி!" என்றார். நாமும் இரண்டுக்கும் தலையசைத்தோம். லாரிக்காரர் மெதுவாகச் சென்றாலும் வேகமாகச் சென்றாலும் குற்றவாளியே என்ற தீர்ப்பு அந்தப் பஸ்ஸில் ஏகமனதாக நிறைவேறிற்று.

மறுநாள் காலையில் அதே மலை வழியாக நமக்கென ஒரு லாரி வரவேண்டியிருந்தது.

விவரம் இதுதான். தந்தையார் காலமான பின், சேலத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களுடன் வந்திருக்க அன்னையார் இசைந்தார். கட்டில், பீரோ, ஆட்டுக்கல், பித்தளை அண்டா, தந்தையார் அமர்ந்த சாய்வு நாற்காலி ஆகிய இவையே சாமான்கள். ரயில்வே குமாஸ்தா லாரியில் சாமான் ஏற்றுவதா என்று ஆபீஸ் நண்பர்கள் நகைத்தார்கள். ஆட்டுக்கல்லை நிலையத்தில் இறக்கி, அங்கிருந்து வேறு வண்டி பிடித்து வீடு சேர்க்கும் தொல்லையை எண்ணியே லாரியை நாடினோம். நவராத்திரி 3-ஆம் தேதி பிறக்கவிருந்தது. மராட்டியர் விரத நாட்களில் உண்ணும் ஜவ்வரிசி உப்புமாவுக்குச் சேலத்து ஜவ்வரிசி பெருமளவில் இங்கு வருவதை நேயர்கள் அறிவார்கள். வாஷி சந்தைக்குச் செல்லும் ஜவ்வரிசி மூட்டைகளோடு நம் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, கலம்போலியில் இறக்கித் தருவதாக ஏற்பாடு.

அன்னையார் திங்கட்கிழமை நண்பகலில் ரயிலில் வந்து இறங்குவார். அவர் வீட்டில் அடிவைக்கும்போது அந்தச் சாய்வு நாற்காலி கூடத்தில் இருக்க வேண்டும் என்பது நம் ஆசை. ஆகவே புக்கிங் ஆபீஸுக்கு மூன்று முறை தொலைபேசியில் பேசினோம். மூன்றாம் முறை, "திங்கள் காலை 6 மணிக்குள் வந்துவிட்டால் டிரைவருக்குத் தனியாக 500 ரூபாய் தருகிறோம்" என்றும் சொல்லிவைத்தோம். நல்ல காரியம் செய்ததாகவே அப்போது நினைப்பு.

கலம்போலி இரும்புச் சந்தைக்கும் லாரிகளுக்கும் பெயர் பெற்ற இடம். விரைவுச்சாலை அங்கேதான் தொடங்குகிறது. காலை ஆறு மணிக்கு அங்கே போய் நின்றால் பாரத தேசத்து லாரிகள் அனைத்தையும் ஒருங்கே பார்த்துவிடலாம் போலிருந்தது. பஞ்சாப், ராஜஸ்தான், ஆந்திரம், கர்நாடகம் எனப் பல மாநிலத்து எண்கள். நடுநடுவே நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று தமிழெழுத்தில் ஊர்ப் பெயர் தாங்கிய வண்டிகள். ஒரு டீக்கடையில் கொங்குத் தமிழ் காதில் விழுந்தது. ஆறு மணி ஏழாயிற்று, ஏழு எட்டாயிற்று. லாரி வரவில்லை. முந்தின நாள் பஸ்ஸில் லாரிகளின் வேகத்தைக் கண்டித்த நாம், இப்போது நம் லாரி ஏன் இன்னும் வேகமாக வரவில்லை என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பதரை மணிக்கு வந்தது. இறங்கிய டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன. கிளீனர் பையன் இறங்காமல் இருக்கையிலேயே உறங்கிக்கொண்டிருந்தான். லாரியின் முதலாளியும் வசூலுக்காக அன்று கலம்போலியில் இருந்தார். டிரைவரைப் பார்த்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி, "மணி என்ன?" என்பதே. "மூணரை மணி நேரம் லேட்டு. வாஷியில் வியாபாரி வாடகையில் பிடிப்பான். உன் படியில்தான் கழிக்கணும்" என்றார்.

டிரைவர் ஒன்றும் பேசவில்லை. முதலாளி கணக்குப் பார்க்க உள்ளே சென்ற பிறகு, நாம் அருகில் சென்று, "அண்ணே, மலையில் மேகம் அதிகமோ?" என்றோம்.

"மேகந்தானுங்க தம்பி. ஆனா அது மட்டுமில்லீங்க. போன நடையில சரியா ஆறு மணிக்கு வந்து சேர்ந்தேன். காட் இறக்கத்துல நாப்பதுக்கு மேல போனேன்னு காமிரா பிடிச்சு, முதலாளி போனுக்கு அபராதச் சீட்டு வந்துச்சு. அதை என் படியில பிடிச்சாங்க. இந்த நடையில பலகை சொன்னபடி வந்தேன். இப்ப லேட்டுன்னு பிடிக்கிறாங்க. எப்படி வந்தாலும் படி என்னுதுதானுங்க" என்றார்.

அவருடைய பிரயாணத்தைக் கேட்டறிந்தோம். சேலத்திலிருந்து கலம்போலி ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர். சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் புறப்பட்டுத் திங்கள் காலை 6 மணிக்கு வந்து சேரவேண்டும் என்பது முதலாளி வகுத்த நேரம். அதாவது 34 மணி. ஆனால் மூட்டை ஏற்றுவதிலேயே 6 மணி நேரம் கடந்துவிட்டது. மீதம் 28 மணி. சக்கரம் ஒரு நிமிஷங்கூட நில்லாமல் சுழன்றாலும் மணிக்குச் சராசரி 41 கிலோமீட்டர் ஓடவேண்டும். உணவு, குளியல், சுங்கச்சாவடி, பெங்களூரின் நெரிசல், உறக்கம் எல்லாம் இதற்குள்ளேதான். முன்பு இந்த நடைக்கு இரண்டு டிரைவர்கள் வருவார்களாம். இப்போது ஆள் கிடைக்காமல் ஒருவரையே அனுப்புகிறார்கள். துமகூருவைத் தாண்டி ஒரு மணி நேரமும், கோலாப்பூர்ப் பக்கத்தில் இரண்டு மணி நேரமும் கண்ணயர்ந்ததாகச் சொன்னார்.

"ஏத்தத்துல யாரும் வேகமாப் போக முடியாதுங்க, பாரம் விடாது. தொலைச்ச நேரத்தை எங்க பிடிக்கிறது? இறக்கத்துலதான் பிடிக்கணும். இறக்கத்துலதான் எமனும் உக்காந்திருக்கான்" என்றார்.

இங்கே நேயர்கள் ஒன்றை அறிந்துகொள்வது நலம். 2015 அக்டோபர் முதல் உற்பத்தியாகும் சரக்கு லாரிகளில், வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டாதபடி கட்டுப்படுத்தும் கருவி இருக்கவேண்டும் என்பது விதி. அக்கருவி எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளைக் குறைத்தே வேகத்தை அடக்குகிறது. மலையிறக்கத்திலோ வண்டியைத் தள்ளுவது எஞ்சின் அன்று, பாரமே தள்ளுகிறது. ஆகவே கருவி அங்கே கைவிட்டுவிடும். சிறிய கியரில் இட்டு, எஞ்சினையே தடையாக்கி, மெல்ல இறக்குவதுதான் முறை. அப்படிச் செய்யாமல் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதன்பின் எவ்வளவு மிதித்தும் பயனில்லை. இவ்வளவும் தெரிந்தவர்கள் ஏன் நியூட்ரலில் விடுகிறார்கள் என்று கேட்டோம். "டீசல் கணக்கும் எங்க தலையிலதானுங்க. இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்னு சொல்லித்தான் விடறாங்க. மிஞ்சினா எங்களுக்கு, குறைஞ்சா எங்க படியில" என்றார்.

2022 நவம்பர் 20-ஆம் தேதி இதே பெங்களூர்ச் சாலையில், புனே ஓரத்து நவலே பாலத்துச் சரிவில், ஒரே கனரக வண்டி பல வாகனங்களை மோதித் தள்ளிய செய்தியைப் பலர் படித்திருக்கக்கூடும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாயும் இவ்வாறே பெயரெடுத்தது. நம் டிரைவர் ஊரிலிருந்து வரும்போது போர்காட்டிலும் நவலே பாலத்திலும் இறங்குகிறார். ஊருக்குத் திரும்பும்போது தொப்பூரில் இறங்குகிறார். போகவர இரு வழியிலும் அவருக்குச் சரிவு காத்திருக்கிறது.

வேக வரம்பைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் யாதென வினவினோம். அங்கிருந்த வேறு சில டிரைவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஓர் இளைஞர், நாற்பது மிகக் குறைவு, புதிய வண்டிகளில் பிரேக் நன்றாயிருக்கிறது, ஐம்பதோ அறுபதோ தரலாம் என்றார். மற்றொருவர், வரம்பு இருப்பதே நல்லது, "போலீஸ் பிடிக்கும் என்று முதலாளியிடம் சொல்ல ஒரு காரணமாவது கிடைக்கிறது" என்றார். நம் டிரைவர் மட்டும், "நாப்பதோ அம்பதோ, பலகையில என்ன வேணா எழுதட்டுங்க. அந்த வேகத்துல வர்றதுக்கு வேண்டிய நேரத்தையும் சேத்து எழுதட்டும்" என்றார்.

முதலாளியின் தரப்பையும் கேட்பதே நியாயம். அவர் கொடியவர் அல்லர். பதினைந்து ஆண்டு தாமே லாரி ஓட்டியவர். இரண்டு லாரிகள் வைத்திருக்கிறார். இரண்டும் கடனில் வாங்கியவை. "சார், வேகமா ஓட்டுன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நேரத்துக்கு வான்னுதான் சொல்றேன். மாசம் பிறந்தா டியூ கட்டணும். இன்ஷூரன்ஸ், டயர், சுங்கம் எல்லாம் ஏறிப்போச்சு. இன்னிக்கு லேட்டாச்சுன்னா ஊருக்குத் திரும்பற லோடு வேற வண்டிக்குப் போயிடும். மாசத்துக்கு ஒரு நடை குறைஞ்சா எனக்கு மிஞ்சறது ஒண்ணுமில்லை" என்றார். பெரிய நிறுவனங்கள் சில, லாரி இருக்குமிடத்தைக் காட்டும் கருவியைப் பொருத்தி, சட்டம் அனுமதிப்பதினும் குறைந்த வேகத்தையே கட்டாயமாக்குகின்றன. வேகம் குறைந்தால் டீசலும் டயரும் மிச்சமாகும் என்று அவை கணக்கிட்டிருக்கின்றன. அதை நாம் எடுத்துச் சொன்னோம். "அவங்களுக்கு நூறு லாரி, ஒண்ணு லேட்டானா தெரியாது. எனக்கு ரெண்டே ரெண்டு" என்று பதிலளித்தார். அதிலும் உண்மை இருந்தது.

வியாபாரி முதலாளியை நெருக்குகிறார். முதலாளி டிரைவரை நெருக்குகிறார். டிரைவருக்கு நெருக்க வேறெவரும் இல்லை, ஆக்ஸிலரேட்டர் ஒன்றே உண்டு. இச்சங்கிலியில் மற்றொரு கண்ணியும் உண்டென்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. மூன்று முறை தொலைபேசியில் பேசி, 500 ரூபாய் ஆசை காட்டியவர் நாமன்றோ!

பையிலிருந்து அப்பணத்தை எடுத்து டிரைவரிடம் நீட்டினோம். "நேரத்துக்கு வந்தாத்தானே இது? நான் வரலீங்களே" என்றார். பத்திரமாக வந்ததற்கு என்று சொல்லி வற்புறுத்தினோம். வாங்கிக்கொண்டார். பிறகு சற்றுத் தயங்கி, "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க தம்பி. இனி யாருக்காவது இப்படிக் குடுக்கறதா இருந்தா, வந்த பொறகு குடுங்க. முன்கூட்டியே சொல்லாதீங்க. மலையில தூக்கம் வர்றப்ப அந்தக் காசுதான் காலை அழுத்துது" என்றார்.

சாமான்கள் வீடு சேர மாலையாகிவிட்டது. அன்னையார் முன்பே வந்துவிட்டார். நாற்காலி கூடத்தில் இல்லாததற்கு நாம் வருத்தம் தெரிவித்தோம். "நாற்காலி எங்கேடா ஓடிப்போகுது? கொண்டு வந்தவன் சாப்பிட்டானா?" என்று கேட்டார். நாம் அவரிடம் அதைக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அன்றிரவு, நமக்குப் பழக்கமான ரயிலோடு லாரியை ஒப்பிட்டுப் பார்த்தோம். அதே போர்காட்டில் ரயிலும் இறங்குகிறது. இறங்குமுன் பிரேக் சோதிக்கப்படுகிறது. வண்டி கட்டுமீறினால் அதை வாங்கிக்கொள்ள மேட்டை நோக்கித் தனிக் கிளைப்பாதைகள் போட்டிருக்கிறார்கள். பாதையில் எங்கேனும் பழுது இருந்தால், இந்தக் கிலோமீட்டரிலிருந்து இந்தக் கிலோமீட்டர் வரை இந்த வேகந்தான் என்று எழுதிய எச்சரிக்கைச் சீட்டு வண்டி ஓட்டுநரிடம் தரப்படுகிறது. அவர் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்கிறார். முக்கியமான விஷயம் இனித்தான். அப்படி மெதுவாகச் செல்வதால் வண்டி தாமதித்தால், தாமதம் பாதைப் பராமரிப்பின் கணக்கில் எழுதப்படுகிறது. ஓட்டுநரின் சம்பளத்தில் அன்று. கால அட்டவணையிலேயே அதற்கென்று சில நிமிஷங்கள் கூட்டி வைக்கப்படுகின்றன. எங்கள் இலாகாவில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சரக்கு வண்டி ஓட்டுபவர்களும் நீண்ட பணிநேரம் பற்றி முறையிடுகிறார்கள். ஆயினும் வேகத்தை வகுப்பவரே நேரத்தையும் வகுக்கிறார் என்ற நியாயம் அங்கே உண்டு. சாலையிலோ வேகத்தை அரசாங்கம் வகுக்கிறது. நேரத்தை முதலாளி வகுக்கிறார். இரண்டுக்கும் ஒருசேரக் கட்டுப்பட வேண்டியவர் டிரைவர்.

சட்டம் இதை அறியாமலில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 183-ஆம் பிரிவில், வரம்பு மீறி ஓட்டுபவரை மட்டுமன்றி, தம்மிடம் வேலை செய்பவரை அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் குற்றவாளி என்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கனரக வண்டிக்கு அபராதம் 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. அப்பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வேக வரம்பை மீறாமல் முடிக்க இயலாத நேரத்துக்குள் பிரயாணத்தை முடிக்குமாறு ஒருவர் கால அட்டவணை வெளியிட்டாலோ, கட்டளையிட்டாலோ, அதுவே அவர் குற்றம் புரிந்ததற்கு முதல் நோக்கிலான சான்றாகும் என்கிறது. "வேகமாக ஓட்டு என்று நான் சொல்லவில்லை, நேரத்துக்கு வா என்றுதான் சொன்னேன்" என்ற சமாதானத்தைச் சட்டம் முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கிறது! காமிராவோ வண்டியின் எண்ணை மட்டுமே படிக்கும். தொலைபேசியில் சொன்ன நேரத்தை அது படிக்காது.

அரசாங்கம் தரும் மற்றொரு காகிதத்தையும் பாருங்கள். சரக்கோடு செல்லவேண்டிய ஈ-வே பில்லுக்கு, 2021 முதல், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுள் கணக்கிடப்படுகிறது. சேலத்திலிருந்து கலம்போலிக்கு அக்கணக்கில் 6 நாள். காகிதத்துக்கு 6 நாள் தவணை. அதைச் சுமந்து வரும் மனிதருக்கு 34 மணி.

முதலாளிகளைத் திருத்துவதும் சட்டத்தைச் செயற்படுத்துவதும் நம் சங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்டவை. ஆனால் ஆண்டுதோறும் நம்மில் எத்தனையோ குடும்பங்கள் வீடு மாற்றுகின்றன. ஊரிலிருந்து அரிசி, சீர்வரிசை, சாமான்கள் தருவிக்கின்றன. அப்போது நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சாமான் தேவைப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக வரும்படி ஏற்றுவோம். "எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்பதை விட்டு, "எத்தனை டிரைவர்கள் வருகிறார்கள்?" என்று கேட்போம். இனாம் கொடுப்பதாயின், வந்து சேர்ந்த பிறகு, நேரத்தைப் பாராமல் கொடுப்போம்.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும் ரயிலில் நம் குழந்தைகள் சுரங்கத்தைப் பார்த்துக் கூவும்போது, அப்பால் விரைவுச்சாலையில் மெல்ல இறங்கும் ஒரு லாரியையும் சுட்டிக் காட்டுவோம். அது வழியை அடைத்துக்கொண்டு ஊரும் ஆமை அன்று. படியில் பிடித்தம் நேரும் என்று அறிந்தும், அதிலுள்ளவர் பலகைக்குக் கட்டுப்பட்டு இறங்கிக்கொண்டிருக்கிறார்.